ஐந்து முறை காட்டிய முகம்

அகச்சிவப்புப் படங்களில் மங்கலாக நகரும் பொருளைப் பிடிப்பது பெரும்பாலும் கழித்தல் கலை. அதன் அழகை ரசிக்க நாசாவின் வைஸ் விண்தொலைநோக்கியைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 2009 டிசம்பர் 14 அன்று ஏவப்பட்ட அதன் ஆடியின் விட்டம் வெறும் 40 சென்டிமீட்டர்.

சிறுகோள்கள் பல கரித்துண்டைப் போலக் கறுத்தவை; விழும் சூரிய ஒளியில் சில சதவீதத்தையே திருப்பி அனுப்புகின்றன. வாங்கிய மீதியை வெப்பமாக உமிழ்கின்றன. அந்த வெப்பம் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி உச்சம் தொடுவதால், கண்ணுக்குத் தப்பியது 12 மைக்ரான் படத்தில் பளிச்சிடுகிறது. ஆனால் தொலைநோக்கியின் சொந்தச் சூடும் அதே அலைநீளத்தில்தான் ஒளிரும். அதை அடக்கவே உறைந்த ஹைட்ரஜனைக் கொண்டு கருவியைக் குளிர்வித்தார்கள்.

வைஸ் 11 நொடிக்கு ஒரு படம் எடுத்தது. சுமார் 95 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்று. வானின் ஒவ்வொரு துண்டும் ஒன்றரை நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை பதிவானது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தெரிபவை விண்மீன்களும் விண்மீன் மண்டலங்களும். முதலில் அவற்றைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதில் பெரும்பகுதி போலி. காஸ்மிக் கதிர் மோதிய புள்ளி ஒரு படத்தில் மட்டும் தோன்றி மறையும். பிரகாசமான விண்மீன் விட்டுப்போன எச்சப் பிம்பம் அடுத்த படங்களிலும் நீடிக்கும். கெட்டுப்போன பிக்சல் இருக்கிறதே, அது பெரிய ஏமாற்றுக்காரன்: உணரியில் அசையாமல் கிடந்தபடியே, தொலைநோக்கி திரும்பத் திரும்ப வானில் நடப்பதுபோல் நடிக்கும்.

இதற்கான மென்பொருள் கறாரானது. சீரான வேகத்தில், நம்பத்தக்க பாதையில், குறைந்தது ஐந்து முறையாவது தென்பட்ட புள்ளிக்கே அனுமதி. இதனால் சில உண்மையான சிறுகோள்களும் கைநழுவும். ஆனாலும் பேராசைப்படாத இந்த நிதானமே அந்த மென்பொருளின் மேன்மை.

எந்தத் தனிப் படத்திலும் தெரியாத அளவுக்கு மங்கலானவற்றுக்கு வேறொரு உத்தி உண்டு. ஒரு வேகத்தை ஊகித்து, அதற்கேற்பப் படங்களை நகர்த்தி அடுக்கிக் கூட்ட வேண்டும். 16 படங்களைக் கூட்டினால் குறிப்பொளி 16 மடங்காகும். இரைச்சலோ 4 மடங்குதான். வேகம் முன்கூட்டியே தெரியாது என்பதால் ஆயிரக்கணக்கான ஊகங்களைச் சோதிக்க வேண்டிவரும். ஊகங்கள் பெருகப் பெருகப் பொய்ப்புள்ளிகளும் பெருகும்.

பூமியின் பாதையிலேயே அதற்கு முன்னால் சுற்றிவரும் 2010 டிகே7 சிறுகோளைக் கண்டெடுத்தது வைஸ்தான். ஹைட்ரஜன் தீர்ந்த பிறகு இரண்டு குறுகிய அலைநீளங்களோடு மட்டும் நியோவைஸ் என்ற பெயரில் உழைத்து, 2020 மார்ச்சில் தன் பெயரையே தாங்கிய வால்மீனையும் கண்டது. 2024 ஆகஸ்டில் அதன் பணி முடிந்தது.