குறும்படமும் முழுநீளப்படமும்: மலையகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

குறும்படத்துக்கும் முழுநீளப்படத்துக்குமிடையிலான வேறுபாட்டை நேர அளவைக் கொண்டு விளக்குவதே நம்மிடையே வழக்கமாகவுள்ளது. சிறுகதைக்கும் நாவலுக்கும் உள்ள உறவினை இதற்கு உவமை கூறுவோரும் உளர். இவ்வுவமை ஓரளவுக்கே பொருந்தும். தமிழ்ச் சிறுகதையைப் பற்றிக் கா. சிவத்தம்பியும் (1967), நாவலைப் பற்றிக் க. கைலாசபதியும் (1968) எழுதிய நூல்கள் அவ்விலக்கிய வடிவங்களைச் சமூக வரலாற்றுப் பின்னணியில் வைத்தே நோக்கின. அந்நோக்கினைத் திரைப்படத்துக்குப் பிரயோகிக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். சிறுகதைக்குச் சஞ்சிகை என்னும் சந்தை இருந்தது. குறும்படத்துக்கு அத்தகைய உறுதியான சந்தை நம் நாட்டில் அமையவில்லை. இரசிகர் கொடுக்கும் நுழைவுச்சீட்டுப் பணம் முழுநீளப்படத்துக்கே உரியதாயிற்று. எனவே முழுநீளப்படம் கூட்டத்தைத் தேடிற்று. குறும்படம் புரவலரைத் தேடிற்று. இவ்வுற்பத்தி உறவுகளே இரு வடிவங்களின் உள்ளடக்கத்தையும் பெரிதும் நிர்ணயித்தன என்பதைக் கண்டியையும் அதனைச் சூழ்ந்த தேயிலை மலைகளையும் கொண்டு இங்கு நோக்குவோம்.

பேசில் ரைட் நெறிப்படுத்தி, ஜோன் கிரியர்சன் தயாரித்த 'சோங் ஒவ் சிலோன்' (1934) ஏறத்தாழ நாற்பது நிமிட விவரணப்படமாகும். அதன் புரவலர் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்திருந்த காலம் அது. 1867 இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடக்கிவைத்த பயிர்ச்செய்கை, விளம்பரத்துக்கெனத் திரைப்படத்தையும் வேண்டி நின்ற கட்டம் எனலாம். விளம்பரத் தேவையையும் மீறி அப்படம் கலைப்படைப்பாகியது என்பதில் ஐயமில்லை. அதன் மூன்றாம் பகுதியில், உழைப்பின் காட்சிகள்மீது வணிகக் குரல்களும் விலைக் கணக்குகளும் படிகின்றன. ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தின் முரண்பாட்டை ஒலிக்கும் ஒளிக்குமிடையிலான முரணாக அமைத்தமை ரைட்டின் சாதனையாகும்.

ஆயினும், அப்படத்தில் பேசுவோர் யாவர் என வினவுதல் வேண்டும். வருணனைக்கு ஆதாரமான உரை, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேலாகச் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து பெறப்பட்டது. அதனை வாசிப்பவர் கொழும்பின் உயர்குழாத்தைச் சேர்ந்த லயனல் வென்ற். நொக்ஸின் காலத்தில் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளர் இம்மலைகளில் இல்லை. ஆகவே, அவ்வுரையில் அவர்களுக்கு இடமும் இல்லை. கண்டிய நடனம் தொன்மையின் மாண்புடன் படத்தை நிறைவுக்கு இட்டுச்செல்ல, கொழுந்து பறிக்கும் பெண் தனக்கெனக் குரலற்ற காட்சியாகவே எஞ்சுகின்றாள். அவளது உழைப்பினால் விளைந்த பணமே படத்துக்கு முதலாயிற்று என்பதை மனங்கொள்ளும்போதுதான் இம்மௌனத்தின் பொருள் தெளிவாகும்.

சுதந்திரத்தின் பின்னர் புரவலர் மாறினார், உறவு மாறவில்லை. அரசாங்கத் திரைப்படப் பிரிவு 1948 இல் தோன்றியது. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. அப்பிரிவில் பணியாற்றி விலகிய லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' (1956) மூலம் சிங்களத் திரைப்படத்தைத் தென்னிந்தியக் கலையகங்களின் பிடியிலிருந்து வெளிக்கொணர்ந்தார். குறும்படம் முழுநீளப்படத்துக்கு ஏறும் படி என்ற கருத்துக்கு அவரை உதாரணங் காட்டுவர். விவரணப்படத்தில் பெற்ற வெளிப்புறப் படப்பிடிப்பு அனுபவம் அவருக்குத் துணைபுரிந்திருக்கும். அதனைக் கொண்டு குறும்படத்தின் பணியே அதுதான் என்று முடிவுசெய்தல் தவறாகும்.

தமிழ் முழுநீளப்படத்தின் நிலை வேறானது. 'தோட்டக்காரி' (1963) பெயரிலேயே மலையகத்தைத் தாங்கியது. தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' (1975) அக்களத்துக்கு மீண்டும் வந்தது. கண்டியிற் பிறந்து பேராதனையிற் பயின்ற தர்மசேன பத்திராஜ, யாழ்ப்பாணத்துச் சாதி, சீதனப் பிரச்சினைகளை முன்வைத்துப் 'பொன்மணி'யை (1977) உருவாக்கினார். விமர்சகரின் மதிப்பைப் பெற்ற அப்படம் திரையரங்கில் நிலைக்கவில்லை. தமிழ்நாட்டுப் படங்களால் உருவான இரசனையே இங்குள்ள திரையரங்கையும் ஆண்டது. கூட்டத்தை நம்பிய வடிவம் அவ்விரசனைக்கு இணங்கவேண்டியிருந்தது, இணங்காதபோது தோற்றது.

இவற்றிலிருந்து வடிவம் பற்றிய ஒரு முடிவுக்கு வரலாம். முழுநீளப்படம் ஓர் இயக்கப்போக்கைக் காட்ட வல்லது. லயக் காம்பிராவொன்றில் மூன்று தலைமுறையினர் வாழ்ந்த கதை, கங்காணி முறையிலிருந்து தொழிற்சங்கம் வரையிலான மாற்றம், பாத்திரங்களின் பிரக்ஞை வளரும் விதம் ஆகியன அதற்குரியவை. குறும்படம் ஒரு முரண்பாடு வெளிப்படும் கணத்தைப் பற்றிக்கொள்கின்றது. மாலையில் கொழுந்து நிறுக்கும் தராசினை எடுத்துக்கொள்வோம். கூடையின் நிறை, ஈரத்துக்கெனக் கழிக்கப்படும் கிலோக்கள், எழுதப்படும் எண், அதனைப் பார்த்துநிற்கும் பெண்ணின் முகம் என்ற நான்கும் பத்து நிமிடங்களில் மிகைமதிப்பின் உண்மையை உணர்த்திவிடும். இவற்றோடு காதலையும் வில்லனையும் இணைத்து முழுநீளப்படத்தின் சுருக்கத்தைத் தர முனையும்போது குறும்படம் தன் ஆற்றலை இழக்கின்றது.

இன்று கைத்தொலைபேசியே படப்பிடிப்புக் கருவியாகியுள்ளது. தோட்டத்து இளைஞரும் யுவதியரும் தேயிலைச் சபையின்றியே படமெடுக்க இயலும். ஆயினும், கருவி மலிந்தமையால் மட்டும் புரவலர் மறைந்துவிடுவதில்லை. நிதி வழங்கும் நிறுவனம் தலைப்பைத் தீர்மானிக்கலாம். விழாவின் நடுவர் இரசனையைத் தீர்மானிக்கலாம். தென்னிந்தியத் திரையுலகிற் புகும் ஆசை வடிவத்தையே தீர்மானிக்கலாம். தோட்டத்து வாசிகசாலையிலும், பாடசாலை மண்டபத்திலும், சங்கக் கூட்டத்திலும் திரையிட்டு விவாதிக்கும் பார்வையாளர் அணியை உருவாக்குவதே குறும்படத்தாரின் முதற்பணியாகும். 1934 இல் படத்தை நிறைத்த குரல்களுள் அவர்களது குரல் இருக்கவில்லை. அக்குரலை ஒலிக்கச்செய்யும் பார்வையாளரே இவ்வடிவத்தின் எதிர்காலத்தை நிர்ணயிப்பர்.