எழுபது லட்சத்துக்குள் ஓர் அணி

2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட்டின் முதல் வீரர் ஏலம் நடந்தது. ஒவ்வோர் அணியின் கையிலும் 70 லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அதில் 21.60 லட்சத்தை லைகா கோவை கிங்ஸ் சாய் சுதர்சன் ஒருவருக்கே கொடுத்தது. குஜராத் டைட்டன்ஸ் ஐ.பி.எல்.லில் அவருக்குக் கொடுத்துவந்ததே 20 லட்சம்தான்.

செய்தித்தாள்கள் அந்தத் தொகையோடு நின்றுவிட்டன. ஏலத்தை ரசிக்கிறவனுக்கு மிச்சமிருந்த 48 லட்சத்துச் சொச்சத்தில்தான் சுவை. கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பணத்தை இருபத்தோரு வயதுப் பையன்மேல் வைத்துவிட்டு, தேவையான மற்ற எல்லோரையும் மீதியில் எடுக்க வேண்டும். எதிர் மேசைகளில் இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். இவர்களிடம் காசு குறைந்துவிட்டது என்று தெரிந்ததும், இவர்கள் கண் வைத்த ஆளின் விலையை ஏற்றிவிடலாம். அந்த நேரத்தில் யாருக்குக் கை தூக்குவது, யாரை மனசில்லாமல் விட்டுவிடுவது என்பதில் இருக்கிறது கைப்பக்குவம்.

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் வியாபாரி ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். உள்நிறத்தையும் காய்ச்சலையும் பார்த்துவிட்டுத்தான் விலை வைப்பார். சுதர்சனைக் கோவை அணி முன்பே ஒடித்துப் பார்த்திருந்தது. 2021இல் டி.என்.பி.எல்.லில் தன் முதல் ஆட்டத்திலேயே, சேலம் ஸ்பார்ட்டன்ஸுக்கு எதிராக அவர் 87 ரன் எடுத்தது கோவைக்காகத்தான். ஏலத்துக்குப் போன தங்கள் வீரரையே எல்லோரையும்விட அதிகம் கொடுத்து மீட்டார்கள். அது வீம்புக்குச் செய்த செலவு அல்ல என்பது மூன்றே மாதத்தில் தெரிந்தது. மே மாத இறுதியில், ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில், சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96. அடுத்த இரண்டு வாரத்தில், கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் திருப்பூர் தமிழன்ஸுக்கு எதிராக 45 பந்தில் 86. பலத்தைக் காட்டி அடிக்கிற ஆட்டம் அல்ல அவருடையது. இடக்கை மட்டை பந்துக்காகக் காத்திருந்து, கடைசி நொடியில் இடைவெளி பார்த்துத் தள்ளிவிடும். அந்த நிதானத்துக்கு 21.60 லட்சம் மலிவு என்பேன்.

சம்பள வரம்புக்குள் அணி கட்டும் கலையை அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து இன்னும் நுணுக்கமாக்கி வைத்திருக்கிறது. வரம்பைத் தாண்டிய அணி ஒரு வீரரை மாற்றிக்கொள்ள வேண்டுமானால், வருகிறவர் சம்பளத்துக்கு ஏறத்தாழ ஈடான சம்பளத்தை வெளியே அனுப்ப வேண்டும். தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறிகிறவர்கள் எல்லா அணிக்கும் தேவை. அவர்கள் இருந்தால்தான் எதிரணித் தடுப்பு விரியும், கூடைக்கு அடியில் வழி கிடைக்கும். 2012இல் மயாமி அணியின் பணமெல்லாம் லெப்ரான் ஜேம்ஸ், வேட், பாஷ் மூவரிடமே போய்விட்டது. பாஸ்டன் தரவிருந்ததில் பாதிக்கு, ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டாலருக்கு, அப்படிப்பட்ட எறிவீரரான ரே ஆலன் அங்கே வந்தார். மறு ஆண்டு இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், கோப்பை கைநழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் பார்க்காமலே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே கால்வைத்து மூலையிலிருந்து எறிந்தார். அப்போது மிச்சம் 5.2 விநாடி. ஆட்டம் சமன், கோப்பையும் பிறகு மயாமிக்கே.

கோவையும் கூடைப்பந்து ஊர்தான். நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கு வங்கி, ரயில்வே, ராணுவ அணிகள் வந்து ஆடுகின்றன. அங்கே நல்ல எறிவீரரை அணியோடு பிடித்து வைத்திருப்பது, அந்த நிறுவனத்தில் அவர் பார்க்கும் உத்தியோகம்தான். அவரை இன்னோர் அணி கேட்டு வாங்கச் சந்தையே இல்லை. அந்த வீரர்களையும் ஒருநாள் ஏல மேசையில் பார்க்க ஆசை. அவர்கள் மணிக்கட்டின் மதிப்பு அப்போது ஊருக்குத் தெரியும்.

மீண்டும் கிரிக்கெட்டுக்கு: 2023 ஜூலை 12, திருநெல்வேலியில் டி.என்.பி.எல். இறுதி ஆட்டம். சுதர்சன் இல்லை, வளரும் வீரர்களுக்கான ஆசியக் கோப்பைக்காக இந்திய 'ஏ' அணிக்குப் போய்விட்டார். சுரேஷ் குமார், முகிலேஷ், அதீக் உர் ரஹ்மான் மூவரும் அரைச்சதம் அடிக்க, கோவை 205. நெல்லை ராயல் கிங்ஸ் 101. அந்தக் கோப்பையை வென்றது மிச்சக் காசின் அணி. தலைவர் ஷாருக் கானை ஏலத்துக்கு விடாமல் முன்பே தக்கவைத்திருந்தார்கள், கடைசி ஓவர்களில் அடித்து முடிப்பார் என்று. அவர் சுழற்பந்து போட்டு 17 விக்கெட் எடுத்தார். அந்த ஆண்டு லீக்கிலேயே அதுதான் அதிகம்.