கேட்காமல் விட்ட கேள்வி

குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வக்கீலின் திறமை இறுதி வாதத்தில்தான் வெளிப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குக் குறுக்கு விசாரணைதான் அந்தத் தொழிலின் உச்சம்.

ஒரு கொலை வழக்கில் 'குத்தியதை நேரில் பார்த்தேன்' என்று சாட்சி அரசுத் தரப்பின் முதல் விசாரணையில் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வக்கீல் குரலை உயர்த்த மாட்டார். தெருவிளக்கு எவ்வளவு தள்ளி இருந்தது, கூட்டம் எந்தப் பக்கம் ஓடியது, போலீஸ் எப்போது விசாரித்தது என்று சாவகாசமாகக் கேட்டுக்கொண்டே போவார். பிறகு, போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தில் இந்தக் குத்தே இல்லை என்பதைக் காட்டி, அங்கேயே நிறுத்திக்கொள்வார். 'ஏன் சொல்லவில்லை?' என்று ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டால், சாட்சிக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிடும். அந்த அடக்கம் பெரிய கலை! பின்னால் புலனாய்வு அதிகாரி கூண்டேறும்போது, அதே விடுபடலை அந்த அதிகாரியின் வாயாலேயே வக்கீல் பதிவாக்கிவிடுவார்.

இதற்கான உழைப்பு முந்தைய இரவுகளில் நடக்கிறது. குற்றப்பத்திரிகை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட்டின் கைக்குப் போன நேரம் என எல்லாவற்றையும் வரிவரியாக ஒப்பிட வேண்டும்.

இப்படி வாதாடிய வக்கீல் ஒருவரை நினைவூட்டுகிறேன். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்ற திரைப்பட நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1947-இல் மேல்முறையீட்டின் மறுவிசாரணையில் விடுதலையானார்கள். அவர்களுக்காக வாதாடியவர் வி.எல். எத்திராஜ். அவர் பெயரில் உள்ள கல்லூரியால் மட்டும் அவரை அறிந்திருப்பது போதாது.

செஷன்ஸ் நீதிமன்றங்களில் பெரும்பாலான விசாரணைகளைப் பொதுமக்கள் பார்க்கலாம். ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.