யாருடைய துன்பத்துக்காகப் பேசுவது?

சார்லோட் டெல்போவை நான் வரிசை மாற்றித்தான் வாசித்தேன். ஆஷ்விட்ஸ் முகாம் பற்றி அவர் எழுதிய மூன்று நூல்களை முதலில் ஆங்கிலத்தில் படித்து அழுதேன். அவற்றுக்கு முன்பே அவர் அல்ஜீரியா பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்ததற்காக 1942 மார்ச்சில் டெல்போவும் கணவரும் பாரிஸில் கைதானார்கள். மே மாதம் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1943 ஜனவரி 24 அன்று பிரான்சிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்ட 230 பெண்களில் டெல்போவும் ஒருவர். உயிரோடு திரும்பியவர்கள் 49 பேர்.

இவர்களில் பெரும்பாலோர் அரசியல் கைதிகள். ஆனால் அங்கே வந்திறங்கிய யூதக் குடும்பங்களில் பெரும்பாலானவை நேராக நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டன. இந்த வேறுபாட்டை டெல்போ மறந்துவிடவில்லை. முதல் நூலைத் தன் கதையோடு தொடங்காமல், எங்கே வந்திருக்கிறோம் என்றே தெரியாமல் இறங்கும் அந்தக் குடும்பங்களோடு தொடங்குகிறார்.

அவர் எழுத்தில் 'நான்' குறைவு, 'நாங்கள்' அதிகம். பனியில் மணிக்கணக்காக நிற்கவைத்துத் தலை எண்ணும்போது, முன்னால் நிற்பவளின் கக்கத்தில் கையைச் செருகிச் சூடு தேடுகிறார்கள். பெண்ணியவாதிகளான நாம் இந்தக் காட்சியை விரும்பி எடுத்துச் சொல்கிறோம். ஆனால் தோழமை காப்பாற்றியது என்று சொல்லி ஆறுதல் அடைய முடியாது. 181 பேரை அது காப்பாற்றவில்லை. 1965இல் அவர் வெளியிட்ட இன்னொரு நூல் அந்த 230 பெண்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தருகிறது. அதைத் தோழமையின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்: இறந்தவளையும் பெயர் சொல்லி அழைப்பது.

முகாம் பற்றிய முதல் நூலை 1946இல் எழுதியவர், 1965 வரை அதை வெளியிடவில்லை. இடையில் 1961இல், அல்ஜீரியப் போர் குறித்துப் பலர் எழுதிய கடிதங்களைத் தன் குறிப்புகளோடு தொகுத்து வெளியிட்டார். அதுதான் அவருடைய முதல் நூல். இம்முறை சித்திரவதை செய்தது பிரெஞ்சு ராணுவம். எந்த நாட்டின் விடுதலைக்காகச் சிறை சென்றாரோ, அதே நாட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டார். தன் வலியைச் சொல்லும் கையெழுத்துப் பிரதி காத்திருந்தது. அல்ஜீரியர் படும் வலி காத்திருக்க முடியாது.

முகாம் நூல்களில் இரண்டாவதற்கு அவர் வைத்த பெயர் 'பயனற்ற அறிவு'. அந்தத் தலைப்பை வெறும் விரக்தியாகவே முன்பு படித்தேன். இப்போது அது என்னையும் குத்துகிறது. தொலைதூரத்து நாஜிகளை நினைத்து அழுவதால் எனக்கு இழப்பு ஒன்றும் இல்லை. என் அரசு, என் சாதி, என் வீடு செய்யும் கொடுமையைப் பற்றிப் பேசினால் இழப்பு உண்டு. அங்கே வாயடைத்து நிற்கிறேன் என்றால், டெல்போவிடம் நான் கற்றது பயனற்ற அறிவுதான்.