முகப்பும் பதிவேடும்: பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சீர்திருத்தம் குறித்த ஒரு மதிப்பீடு

பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளைச் சீரமைப்பதற்காக 2011ஆம் ஆண்டு ‘அரசு டிஜிட்டல் சேவை’ என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகத்தின் கீழ் இயங்கிய இச்சிறிய அமைப்பு, அரசுத் துறைகள் மென்பொருள் உருவாக்கும் முறையையே மாற்ற முனைந்தது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகள் பின்னர் இதையொத்த அமைப்புகளைத் தொடங்கின. மின்னாளுகை பற்றிய பாடங்களில் இது பெரும்பாலும் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது.

அந்த மதிப்பீடு பாதி உண்மை. மக்கள் பார்க்கும் பக்கங்களை இவ்வமைப்பு பெரிதும் மேம்படுத்தியது. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பதிவேடுகளை, அதாவது விண்ணப்பிப்பவர் யார், அவருடைய முகவரி எது, நிலம் எது என்பதற்கான அடிப்படைத் தரவுகளை, அதனால் அதே அளவுக்கு மாற்ற இயலவில்லை. பெரிய தோல்விகள் அந்த இடைவெளியில்தான் நிகழ்ந்தன.

பின்னணி

2000களில் பிரிட்டனின் பெரிய கணினித் திட்டங்கள் நீண்டகால ஒப்பந்தங்களின் வழியே நடந்தன. தேவைகள் அனைத்தையும் முதலிலேயே எழுதி, ஒரு பெருநிறுவனத்திடம் ஒப்படைத்து, பல ஆண்டுகள் காத்திருப்பது வழக்கமாக இருந்தது. 2002இல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவைக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. பல நூறு கோடி பவுண்டு செலவான பின், அத்திட்டத்தைக் கலைப்பதாக 2011இல் அரசு அறிவித்தது.

2010இல் மார்த்தா லேன் ஃபாக்ஸ் அரசுக்கு அளித்த அறிக்கை, துறைகள்தோறும் சிதறிக்கிடந்த இணையத்தளங்களை ஒன்றாக்கி, அதற்கான அதிகாரத்தை ஒரு மைய அமைப்பிடம் தர வேண்டும் என்றது. அமைச்சர் ஃபிரான்சிஸ் மோட் அதை ஏற்றார். மைக் பிராக்கன் புதிய அமைப்பின் தலைவரானார்.

அவர்கள் கைக்கொண்டது ‘அஜைல்’ எனப்படும் முறை. முழுத்திட்டத்தையும் வகுத்துவிட்டுக் கட்டாமல், சிறிய அளவில் ஒன்றைச் செய்து, பயனர்கள் முன் வைத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, சில வாரங்களுக்கு ஒருமுறை திருத்திக்கொண்டே போவது இதன் சாரம். 2012இல் வெளியான வடிவமைப்புக் கொள்கைகளில் முதலாவது, பயனரின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது.

கண்ணுக்குத் தெரிந்த வெற்றி

2011 மே மாதம் ஒரு சோதனைத் தளம் வெளியானது. 2012 அக்டோபர் 17 அன்று ‘கவ்.யூகே’ முறையாகத் தொடங்கி, முந்தைய ‘டைரக்ட்கவ்’, ‘பிசினஸ் லிங்க்’ தளங்களின் இடத்தைப் பிடித்தது. அலங்காரமற்ற பக்கம், பெரிய எழுத்து, எளிய சொற்கள், ஒரு பக்கத்தில் ஒரு கேள்வி என்பதே அதன் போக்கு. 2013இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் அதற்கு அவ்வாண்டின் சிறந்த வடிவமைப்புக்கான விருதை அளித்தது. தளத்தின் மூலநிரல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது.

இந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அரசு மொழி புரியாமல் இடைத்தரகரை நாடும் ஒருவருக்குத் தெளிவான ஒரு பக்கம் பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் இங்கே மாற்றப்பட்டது பெரும்பாலும் பதிப்புப் பணி. தகவலைத் திரட்டி, திருத்தி, எளிதாகச் சொல்வதில் அஜைல் முறை சிறப்பாகச் செயல்பட்டது. அடுத்து வந்த பணிகள் வேறு வகையானவை.

வேளாண் உதவித்தொகை

முன்மாதிரியாக மாற்றுவதற்கென்று 25 சேவைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இங்கிலாந்து விவசாயிகளுக்கான ஐரோப்பிய ஒன்றிய உதவித்தொகை. 2015 முதல் விவசாயிகள் தங்கள் வயல்களின் எல்லையையும் பயன்பாட்டையும் இணைய வரைபடத்தில் தாங்களே சரிபார்த்துப் பதிய வேண்டும் என்று திட்டமிடப்பட்டது. வரைபடக் கருவி சுமை தாங்கவில்லை. 2015 மார்ச்சில் அந்த வழி கைவிடப்பட்டு, விவசாயிகள் காகிதப் படிவத்துக்குத் திருப்பப்பட்டனர். இணைய வேகம் குறைந்த கிராமப்புறங்களில் இரவெல்லாம் திரைமுன் உட்கார்ந்து முயன்றவர்களுக்கு அது இரட்டை வேலை. பலருக்குப் பணம் தாமதமாகவே வந்தது. திட்டச் செலவு 15.5 கோடி பவுண்டிலிருந்து 21.5 கோடியாக உயர்ந்ததைத் தேசியத் தணிக்கை அலுவலகம் சுட்டிக்காட்டியது. மூத்த அலுவலர்களுக்கிடையே இருந்த பூசலை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2016இல் கடுமையாகக் கண்டித்தது.

இதிலிருந்து அஜைல் முறையே தவறு என்று முடிவு செய்வது அவசரம். நில வரைபடம் என்பது ஒரு பதிவேடு. அதில் பிழை இருந்தால் பணம் தவறான கைக்குப் போகும். ஒன்றியம் அபராதம் விதிக்கும். வாரத்துக்கொரு முறை திருத்தலாம் என்ற நம்பிக்கை ஓர் உதவிப் பக்கத்துக்குப் பொருந்தும். விண்ணப்பக் கெடுவுக்குள் ஒரே சமயம் ஆயிரக்கணக்கானோர் எல்லைக் கோடுகளைத் திருத்தும் அமைப்புக்கு அது அப்படியே பொருந்தாது.

அடையாளச் சரிபார்ப்பு

இரண்டாவது எடுத்துக்காட்டு ‘வெரிஃபை’. பிரிட்டனில் தேசிய அடையாள அட்டை இல்லை; 2006இல் அதற்காக இயற்றப்பட்ட சட்டம் 2010இல் நீக்கப்பட்டது. எனவே தனியார் நிறுவனங்கள் கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், கடன் வரலாறு ஆகியவற்றைப் பார்த்து ஒருவரின் அடையாளத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு வகுக்கப்பட்டது. 2016இல் வெரிஃபை முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. 2020க்குள் 2.5 கோடிப் பயனர்கள் என்பது இலக்கு.

2019 மார்ச்சில் வெளியான தணிக்கை அறிக்கை வேறு படத்தைக் காட்டியது. அந்த ஆண்டு பிப்ரவரி வரை பதிவு செய்தவர்கள் 36 லட்சம் பேர். சரிபார்க்க முயன்றவர்களில் 90 விழுக்காட்டினர் வெற்றி பெறுவர் என எதிர்பார்க்கப்பட்டது. உண்மையில் பெற்றவர்கள் 48 விழுக்காட்டினர். ‘யுனிவர்சல் கிரெடிட்’ என்னும் வாழ்வாதார உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களிடையே அது 38 விழுக்காடாக இருந்தது. வெளிநாட்டுப் பயணம் செய்யாதவர், வாகனம் இல்லாதவர், வங்கிக் கடன் பெறாதவர் ஆகியோரைப் பற்றி இந்தப் பதிவேடுகளில் போதிய தடயம் இல்லை. உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே வாசலில் நிறுத்தப்பட்டனர். வரித்துறையோ 2001 முதல் இருந்துவந்த தன் நுழைவு முறையை விட்டுக்கொடுக்கவில்லை. வெரிஃபை 2023இல் மூடப்பட்டது.

பயனரின் தேவையிலிருந்து தொடங்குதல் என்ற கொள்கையின் வரம்பு இங்கே புலப்படுகிறது. திரையில் தடுமாறும் பயனரை ஆய்வாளர் கவனிக்கலாம். பொத்தானின் பெயரை மாற்றலாம். அந்தப் பயனரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால் எத்தனை முறை பக்கத்தைத் திருத்தினாலும் பயனில்லை.

திறந்த தரவும் விற்கப்பட்ட முகவரியும்

திறந்த தரவுக் கொள்கையும் இதே தடையைச் சந்தித்தது. 2010 ஜனவரியில் டிம் பெர்னர்ஸ்-லீ, நைஜல் ஷாட்போல்ட் ஆகியோரின் வழிகாட்டலில் அரசின் தரவுத் தளம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் நில அளவைத் துறை தன் வரைபடங்களில் ஒரு பகுதியை இலவசமாக்கியது. ஆனால் 2013இல் ராயல் மெயில் தனியார்மயமானபோது, நாட்டின் அஞ்சல் முகவரிகள் அனைத்தும் அடங்கிய கோப்பும் அதனுடன் சென்றது. அது தவறு என்று நாடாளுமன்றக் குழுவொன்று 2014இல் கூறியது. திறந்த முகவரிப் பதிவேட்டுக்கான வழிகளை ஆராய 2016 வரவுசெலவுத் திட்டத்தில் 50 லட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டும் அது உருவாகவில்லை. 2020இல் கட்டடங்களின் அடையாள எண்களும் இருப்பிட ஆயங்களும் திறக்கப்பட்டன. அவற்றோடு முகவரி இல்லை.

திறப்பது மட்டும் போதாது என்பதற்கு நிறுவனப் பதிவகம் சான்று. 2015 ஜூனில் அதன் டிஜிட்டல் தரவு முழுவதும் இலவசமானது. ஊழலை ஆராயும் பத்திரிகையாளர்களுக்கு அது பெருந்துணையானது. ஆனால் பதிவகத்துக்குத் தரப்பட்ட பெயர்களைச் சரிபார்க்கும் அதிகாரம் அதற்குப் போதுமான அளவில் இல்லை. போலிப் பெயர்களும் பொய் முகவரிகளும் திறந்த தரவாகவே வெளிவந்தன. அந்த அதிகாரத்தைத் தந்தது 2023ஆம் ஆண்டின் சட்டம்.

பதிவேடு இருந்தபோது

எதிர்ச்சான்றும் உண்டு. கொரோனா காலத்தில், வேலையிழக்கும் நிலையிலிருந்தவர்களின் ஊதியத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு வரம்புக்குள், அரசே தரும் என்று 2020 மார்ச் 20 அன்று அறிவிக்கப்பட்டது. ஒரே மாதத்தில், ஏப்ரல் 20 அன்று, வரித்துறை அதற்கான சேவையைத் திறந்தது. அது தடையின்றி இயங்கியது. வரித்துறையின் சொந்த மென்பொருள் குழுக்களின் திறமை இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், ஒவ்வொரு முறை சம்பளம் தரும்போதும் முதலாளிகள் அதை வரித்துறைக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு 2013லேயே நடைமுறைக்கு வந்திருந்தது. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது அரசுக்கு முன்பே தெரியும்.

அதே பதிவேடு உதவியின் எல்லையையும் வகுத்தது. சுயதொழில் செய்வோருக்கான உதவி 2018-19 வரிக்கணக்கின் அடிப்படையில் கணக்கிடப்பட்டதால், அதற்குப் பின் தொழில் தொடங்கியவர்கள் 2021 வரை விலக்கப்பட்டிருந்தனர்.

மதிப்பீடு

2025 ஜனவரியில் வெளியான அரசின் ஆய்வறிக்கை, மத்தியத் துறைகளின் கணினி அமைப்புகளில் சுமார் 28 விழுக்காடு காலாவதியானவை என்று மதிப்பிட்டது. சீர்திருத்தம் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னான கணக்கு இது. முகப்பை மாற்ற ஒரு திறமையான குழுவும் அமைச்சரின் ஆதரவும் போதுமாயிருந்தன. பதிவேட்டை மாற்றுவதற்குத் துறைகளின் அதிகாரம், சட்டம், சொத்துரிமை, நிதி ஆகியவற்றில் கைவைக்க வேண்டும். அது நாடாளுமன்றமும் அமைச்சரவையும் எடுக்க வேண்டிய முடிவு. வடிவமைப்பாளர் எடுக்கக்கூடியது அன்று.

பிரிட்டனின் முறையைப் பின்பற்ற விரும்பும் எந்த அரசும் அதன் எழுத்துருவையும் எளிய வாக்கியங்களையும் எளிதாக எடுத்துக்கொள்ளலாம். அடிப்படைத் தரவு யாருடையது, அதில் யார் விடுபட்டிருக்கிறார்கள், பிழையைத் திருத்தும் பொறுப்பு யாருக்கு என்னும் கேள்விகளை அது முதல் நாளிலேயே கேட்க வேண்டும். பிரிட்டனில் அவை தாமதமாகக் கேட்கப்பட்டன. அதன் விலையைப் பணத்துக்குக் காத்திருந்த விவசாயிகளும், தம்மைத் தாமே நிரூபிக்க இயலாத உதவித்தொகை விண்ணப்பதாரர்களும் செலுத்தினர்.