யாரோடு ஒப்பிட்டு?

நெல்லிக்கனி என்றதும் நமக்கு அதியமானும் ஒளவையும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ஆயுளை நீட்டிக்கும் கனியை அரசன் தான் தின்னாமல் புலவருக்குக் கொடுத்தான் என்று கேட்டு வளர்ந்த ஜனங்கள் நாம். அந்தக் கனியில் வைட்டமின் சி நிறைய இருக்கிறது, ஆகவே அதைக் கிராம் கிராமாக ரத்தத்தில் ஏற்றினால் கான்சர்கூடக் கட்டுப்படும் என்று ஒருவர் சொன்னால், நம்மில் பலர் தர்க்கம் பண்ணாமலே தலையை ஆட்டிவிடுவோம். வாதத்தில் பாதி வேலையைக் கதை முன்பே முடித்து வைத்திருக்கிறது.

ஆகையால், இவான் கேமரானும் லைனஸ் பாலிங்கும் சேர்ந்து 1979-ல் வெளியிட்ட 'கான்சரும் வைட்டமின் சி-யும்' என்ற நூலை, அதில் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கவனித்துப் படிப்பது நல்லது என்று எனக்குத் தோன்றிற்று. மருத்துவத்தில் எனக்குப் பாண்டித்தியம் கிடையாது. கதை கட்டுகிற தொழிலில் இருப்பவன் என்பது ஒன்றே இந்த விஷயத்தில் எனக்குள்ள யோக்கியதை.

பாலிங் லேசுப்பட்ட மனிதர் அல்ல. ரசாயனத்துக்கு 1954-லும் சமாதானத்துக்கு 1962-லும் நோபல் பரிசு பெற்றவர். இரண்டு பரிசுகளை வேறு எவரோடும் பங்கு போட்டுக் கொள்ளாமல் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. 1970-ல் ஜலதோஷத்துக்கு வைட்டமின் சி என்று ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் மருந்துக் கடைகளை அது காலி செய்தது. கேமரான் ஸ்காட்லாந்தில் வேல் ஆஃப் லீவன் ஆஸ்பத்திரியில் அறுவை வைத்தியர். இனி வைத்தியத்தால் பயனில்லை என்று கைவிடப்பட்ட கான்சர் நோயாளிகளுக்குத் தினம் 10 கிராம் வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வயது வந்த ஆணுக்கு விதித்த அளவு தினம் 80 மில்லிகிராம். கேமரான் கொடுத்தது அதைப்போல 125 மடங்கு.

1976-ல் இருவரும் பிரசுரித்த கணக்கு இது: வைட்டமின் பெற்றவர்கள் 100 பேர். அவர்களோடு ஒப்பிட, அதே ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகளிலிருந்து வயது, பால், நோய் தோன்றிய உறுப்பு இவற்றில் ஒத்துப்போகும் 1000 பேரைப் பொறுக்கினார்கள். வைட்டமின் பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக நாலு மடங்குக்கு மேல் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று முடிவு வந்தது.

எண்கள் கம்பீரமாக இருக்கின்றன. ஆனால் நாவல் எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு சந்தேகம் வந்தே தீரும். பாத்திரங்களைத் தேர்ந்தெடுத்தவர் யார்? எந்த நாளிலிருந்து கதையை ஆரம்பித்தார்? 'இனிப் பயனில்லை' என்ற நாளிலிருந்துதான் ஆயுளை எண்ணினார்கள். அந்த நாளை, வைட்டமின் பெற்ற கூட்டத்துக்கு, நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டு டாக்டரே தீர்மானித்தார். மற்றக் கூட்டத்துக்கு, எல்லோரும் இறந்து முடிந்த பிறகு காகிதத்தைப் புரட்டித் தீர்மானித்தார்கள். மரணத் தறுவாயில்தான் பதிவேட்டில் நம்பிக்கை இழந்த வார்த்தை ஏறும். எதிரே நின்று பேசுகிற நோயாளிக்கு அது முன்னதாகவே ஏறிவிடலாம். இந்தச் சிறு வித்தியாசமே பல வாரங்களைக் கூட்டிக் கொடுத்துவிடும். கேமரான் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. நோயாளிகளிடம் அவருக்கிருந்த இரக்கத்தை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆனால் முடிவை விரும்புகிற ஆசிரியர் பாத்திரங்களையும் தாமே பொறுக்கினால், பொய் சொல்லாமலே கதை அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

கேமரான் 1975-ல் ஒரு லாரி டிரைவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கு 42 வயது. நிணநீர்த் திசுக்களில் கான்சர். வைட்டமின் கொடுத்ததும் கட்டிகள் கரைந்தன, நிறுத்தியதும் திரும்பின, மறுபடி கொடுத்ததும் மறுபடி கரைந்தன. கதை என்ற அளவில் இதற்குமேல் ஒருவன் என்ன கேட்க முடியும்? ஆயினும் அந்த வகை நோய் சில சமயம் தானாகவே தணிந்து மீளக்கூடியது. ஒரு மனிதர் பிழைத்தார் என்பது உண்மை. எதனால் பிழைத்தார் என்பதை அந்த ஒரு மனிதரின் கதையிலிருந்து மட்டும் பிரித்தெடுக்க முடியாது.

சேவூர்த் தறிக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. புதுச் சாயம் ஒன்று கெட்டியா என்று பார்க்க வேண்டுமானால், அவர் ஒரே பட்டு நூலில் இரண்டு கழி எடுத்து, ஒன்றைப் பழைய சாயத்திலும் ஒன்றைப் புதுச் சாயத்திலும் முக்கி, ஒரே வெயிலில் உலர்த்துவார். பெட்டிக்குள் கிடந்து வெளிறிய பழைய புடவையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து, 'பாருங்கள், புதுச் சாயம் எப்படி மின்னுகிறது' என்று வியாபாரி சொன்னால் சிரித்துவிடுவார்.

வேடிக்கை என்னவென்றால், வைட்டமின் சி-யின் புகழே இப்படிப்பட்ட நேர்மையான ஒப்பீட்டில்தான் பிறந்தது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், ஈறு வீங்கிச் சொறி கண்ட 12 மாலுமிகளை, ஒரே கப்பலில், ஒரே சாப்பாட்டில் வைத்து, இரண்டிரண்டு பேராக ஆறு விதச் சிகிச்சை கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் மட்டும் சீக்கிரம் எழுந்தார்கள். யாரோடு ஒப்பிட்டு என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது.

அந்தக் கேள்வியை அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையினர் மறுபடி கேட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல நோயாளிகளைப் பிரித்து, ஒரு சாராருக்குத் தினம் 10 கிராம் வைட்டமினும் மறு சாராருக்குப் பார்வைக்கு அதே போன்ற வெறும் மருந்தும் கொடுத்தார்கள். எது எவருக்கு என்று டாக்டருக்கும் தெரியாது. 1979-ல் 123 பேரிடமும் 1985-ல் 100 பேரிடமும் வந்த முடிவு ஒன்றே: வித்தியாசம் இல்லை. முதல் தடவை, 'உங்கள் நோயாளிகள் ஏற்கனவே கீமோதெரபியால் பலவீனப்பட்டவர்கள்' என்றார் பாலிங். இரண்டாம் தடவை அப்படிப்பட்டவர்களை விலக்கியே செய்தார்கள். 'மருந்தைச் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள்' என்றார்.

இங்கே மேயோ பக்கத்தையும் விமர்சிக்காமல் விட்டால் நியாயம் ஆகாது. கேமரான் முதலில் சில நாள் நரம்பு வழியாக ஏற்றினார். மேயோவில் வாய்வழி மட்டும். வாய்வழி எவ்வளவு விழுங்கினாலும் குடல் ஓர் அளவுக்குமேல் ஏற்காது. நரம்பில் ஏற்றினால் ரத்தத்தில் பல மடங்கு உயரும் என்பது பின்னால் 2004-ல் தெளிவாயிற்று. ஆகவே இரண்டும் ஒரே சிகிச்சை அல்ல. இந்த ஓட்டையைப் பொறுமையாக ஆராய்வதற்குப் பதில் வைத்திய உலகம் பாலிங்கைக் கேலி செய்தது. கேலி எதையும் நிரூபிப்பதில்லை. வியாபாரிக்கு 'எங்களை அமுக்குகிறார்கள்' என்று சொல்லிக்கொள்ள இடம் கொடுப்பதோடு சரி.

நரம்பு வழியையும் பிறகு வேறொரு நோயில் சோதித்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸுக்கு, அமெரிக்க டாக்டர் பால் மாரிக் வைட்டமின் சி-யோடு வேறு இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தார். 2017-ல் அவர் பிரசுரித்த கணக்கில், இறந்தவர்கள் 47 பேரில் 4 பேர். அதற்கு முந்தைய மாதங்களின் 47 பேரில் 19 பேர் இறந்திருந்தார்கள். மறுபடியும் பழைய பதிவேடு! 2022-ல் 872 பேரைக் குலுக்கிப் பிரித்து வைட்டமினை மட்டும் தனியே ஏற்றிப் பார்த்தபோது, 28 நாளில் இறந்தவர்களும் உறுப்புகள் மீளாதவர்களுமாகச் சேர்ந்து, வைட்டமின் பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம். பலன் இல்லாததோடு கெடுதல் பக்கம் சாய்ந்தது முள்.

குலுக்கிப் பிரிப்பதெல்லாம் வெள்ளைக்காரர் விவகாரம், நம் வைத்தியம் வேறு என்று சொல்கிறவர்கள் சென்னைச் சேத்துப்பட்டை மறந்துவிட்டார்கள். 1956-ல் அங்கே ஆரம்பித்த ஆராய்ச்சி நிலையத்தில் 193 காசநோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோடு மருந்து எடுத்தார்கள். மீதிப் பேர் தங்கள் நெரிசலான வீட்டில், கிடைத்த கஞ்சியோடு அதே மருந்தை எடுத்தார்கள். பாலும் முட்டையும் ஓய்வும் இல்லாமல் காசம் போகாது என்பது அன்றைய உலகத்தின் நம்பிக்கை. 1959-ல் வெளிவந்த முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். உலகமே சானடோரியங்களை மூட அது ஒரு காரணமாயிற்று. உணவின் பெருமையை அது ஒழித்துவிடவுமில்லை. 2023-ல் ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு ரேஷன் கொடுத்து, இதே குலுக்கல் முறையில் பார்த்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசம் வருவது 39 சதவீதம் குறைந்தது. சாப்பாடு எங்கே வேலை செய்யும், எங்கே மருந்துதான் வேண்டும் என்பதை இரண்டு தடவையும் ஒரே முறைதான் பிரித்துக் காட்டிற்று.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருத் தறிக்காரத் தம்பி ஒருவன் வந்தான். "அண்ணா, மாமாவுக்கு வயித்துல கான்சர்னுட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரியில கீமோ போடணும்ன்றாங்க. பட்டணத்துல ஒருத்தரு, அதெல்லாம் வேணாம், வைட்டமின் டிரிப்ஸ் ஏத்தினாப் போதும்ன்றாரு. தறியை வித்துடலாமான்னு பாக்கறோம்" என்றான். ஒரு புடவை நெய்த கூலி ஒரு வேளை டிரிப்ஸுக்குப் போதாது. "கீமோவுக்குப் பதிலா இதுன்னு சொல்றவர்கிட்ட, யாரோட ஒப்பிட்டுப் பாத்தீங்கன்னு கேளு. பிழைச்சவங்க போட்டோவைக் காட்டினா எழுந்து வந்துடு. ஆஸ்பத்திரியைத் தள்ளிப் போடாதே" என்றேன். ரத்தத்தில் ஜி-6-பி-டி என்ற நொதி குறைந்தவர்களுக்கு இந்த அளவில் ஏற்றினால் ரத்த அணுக்களே உடையும், சிறுநீரகமும் கெடலாம் என்பதையும் சொன்னேன். விலை போகிற தறியைவிடக் கைநழுவிப் போகிற வாரங்கள்தான் பெரிய நஷ்டம்.

சர்ச்சை முடிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2024-ல் அயோவாவில், கணையக் கான்சருக்குக் கீமோவோடு சேர்த்து, கீமோவுக்குப் பதிலாக அல்ல, நரம்பில் 75 கிராம் வீதம் ஏற்றியவர்கள் சராசரி 16 மாதமும், கீமோ மட்டும் பெற்றவர்கள் 8 மாதமும் இருந்தார்கள். குலுக்கிப் பிரித்ததுதான்; ஆனால் மொத்தம் 34 பேர். பெரிய அளவில் செய்து பார்க்கத் தகுந்த செய்தி அது. அதை வைத்துக் கடை திறப்பது அக்கிரமம்.

கடைசியாக, புத்தகத்தைப் பற்றி. பாலிங் 1939-ல் ரசாயனப் பிணைப்பைப் பற்றி எழுதிய நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. அதில் அவர் சொன்னதைப் படிகங்களை அளந்து எவரும் மறுக்க வழி இருந்தது. 1979-ல் எழுதிய நூலில், மறுப்பு வரும்போதெல்லாம் தப்பிக்க ஒரு வாசல் மீதம் இருக்கிறது. அதே மனிதர், அதே மேதை. முதல் நூலைப் படிக்கிறவன் அவரோடு வாதாடலாம். இரண்டாவதைப் படிக்கிறவன் நம்பலாம், அல்லது மூடி வைக்கலாம். நோயாளியின் கையில் கொடுக்கத்தக்க புத்தகம் அது அல்ல என்பது என் அபிப்பிராயம்.