பதுளைப் புனித மாற்கு தேவாலயம்: கதையும் வரலாறும்

லுணுகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளையை அடைவோர் காணும் புனித மாற்கு தேவாலயம், மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் நினைவாக 1857இல் எழுந்தது. 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரெனப்படும் இவர், 1845 யூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். எழுதுவோர் பலர் இவ்வளவில் நிறைவுறுகின்றனர்: பாவத்துக்குத் தண்டனை கிடைத்தது, கதை முடிந்தது. நுவரெலியாவிலுள்ள கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்பது மேலதிகச் சுவை.

இக்கதையில் யானையின்பால் இரக்கம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின் வரலாறாகக் கொள்ளுமிடத்து அது மறைப்பதே மிகுதி. றொஜர்ஸ் வெறும் வேட்டைக்காரரல்லர். பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்து ஊவாவில் பாதைகள் அமைத்தவர். கோப்பிக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்ட காலம் அது. யானையைக் கொல்வோர்க்கு அரசே சன்மானம் வழங்கிற்று. துப்பாக்கி ஒருவர் கையிலிருந்தது. தேவை தோட்டப் பொருளாதாரத்தினது. தேவாலயத்து நினைவுக்கல் அவர்தம் பதவிகளையும் மின்னற் சாவையும் மட்டுமே பொறித்துவைத்துள்ளது. செவிவழிக் கதையோ, ஊழ்வினையை முன்னிறுத்திக் கோப்பியை மறந்துவிடுகிறது. அத்தோட்டங்களுக்குக் கடல் கடந்து கால்நடையாய் வந்த தென்னிந்தியத் தொழிலாளர் கல்லிலும் இல்லை, கதையிலும் இல்லை. நம் கட்டுரையாளரும் மின்னலையே திரும்பத் திரும்ப எழுதுவது ஏனோ?